ஐஸ் வந்த வழி

1833 மே 12 அன்று பாஸ்டன் துறைமுகத்திலிருந்து ‘டஸ்கனி’ என்ற கப்பல் கல்கத்தாவுக்குப் புறப்பட்டது. அதன் வயிற்றில் 180 டன் ஐஸ் இருந்தது. அட்லாண்டிக் கடலில் ஒரு முறையும் இந்தியப் பெருங்கடலில் ஒரு முறையுமாகப் பூமத்திய ரேகையை இரண்டு தடவை கடந்து, நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு, ஏறக்குறைய நான்கு மாதம் கழித்து செப்டம்பரில் அது வங்கத்தை அடைந்தது. சுமார் 100 டன் கரையாமல் வந்து சேர்ந்திருந்தது.

அந்த ஐஸ் முந்தைய குளிர்காலத்தில் மாசசூசெட்ஸ் மாநிலத்து நன்னீர்க் குளங்களில் உறைந்தது. உறைந்த குளத்தின் மேல் படிந்த பனியை முதலில் வழித்து எடுப்பார்கள். பிறகு குதிரை பூட்டிய வெட்டுக் கருவியால் நீளவாக்கிலும் குறுக்கிலும் கோடு கிழித்து, ஒரே அளவான பாளங்களாக அறுத்து, குளத்தின் நீர்வழியிலேயே மிதக்கவிட்டுக் கரைசேர்ப்பார்கள். கருவியை வடிவமைத்தவர் நத்தானியல் வைத் என்பவர். எல்லாப் பாளமும் ஒரே அளவில் இருந்ததால் இடைவெளி இல்லாமல் அடுக்க முடிந்தது. காற்றுப் புக இடமில்லாததால் உருகுவதும் குறைந்தது. சுற்றிலும் மரத்தூள். மர அறுவை ஆலைகள் வீணென்று கொட்டிய தூள்தான் ஐஸை வெப்பமண்டலம் வரை காப்பாற்றியது. பாஸ்டனிலிருந்து கிழக்கே போன கப்பல்கள் பல, எடைக்காகக் கல்லை ஏற்றிக்கொண்டு போய்க்கொண்டிருந்தன. கல்லின் இடத்தில் ஐஸை வைத்தால் கப்பல்காரருக்கு நட்டமில்லை, வணிகருக்குக் கூலி குறைவு. இந்தக் கணக்கைப் போட்டவர் ஃபிரெடெரிக் டூடர். 1806இல் மார்ட்டினீக் தீவுக்கு முதல் ஐஸ் கப்பலை அனுப்பியபோது ஊரே அவரைப் பார்த்துச் சிரித்தது. கடனுக்காகச் சிறைக்கும் போய்வந்தார். அப்படியும் விடவில்லை.

கல்கத்தாவுக்குக் குளிர்ச்சி புதிதல்ல. வட இந்தியாவின் குளிர்கால இரவுகளில், ஆழமில்லாத மண்தட்டுகளில் தண்ணீர் ஊற்றி, வைக்கோல் பரப்பிய குழிகளில் வரிசையாக வைத்து, விடியுமுன் மேலே படியும் மெல்லிய ஐஸைச் சுரண்டிச் சேர்க்கும் வழக்கம் இருந்தது. அலகாபாத்தில் அதைக் கண்ட சர் ராபர்ட் பார்க்கர் 1775இல் லண்டன் ராயல் சங்கத்துக்கு எழுதினார். தெளிந்த வானத்தை நோக்கித் தண்ணீர் தன் வெப்பத்தை இழக்கும் பௌதிகத்தை, எந்தக் கருவியும் இல்லாமல் கைப்பழக்கத்தில் வைத்திருந்த தொழிலாளர்கள் அவர்கள். ஆனால் அந்த ஐஸ் அழுக்கும் தண்ணீருமாகக் குழைந்திருக்கும். அது கிடைப்பதும் குளிர்காலத்தில். உடம்புக்கு அது உயிர்த்தேவையாவதோ சித்திரையிலும் வைகாசியிலும். அந்த மாதங்களுக்கு உதவும் ஐஸ் வெளியிலிருந்துதான் வர வேண்டியிருந்தது.

கல்கத்தாவில் சுங்கவரி தள்ளுபடி ஆனது. வெயில் படாமல் இருக்க இரவில் இறக்க அனுமதி கிடைத்தது. கவர்னர் ஜெனரல் வில்லியம் பெண்டிங்க், ஐஸோடு வந்த முகவர் ரோஜர்ஸுக்குப் பொன்முலாம் பூசிய வெள்ளிக் கோப்பையைப் பரிசளித்தார். ஊர்ப் பெரிய மனிதர்கள் பணம் திரட்டி ஐஸ் கிடங்கு கட்டினார்கள். அந்த ஐஸ் பெரும்பாலும் போன இடம் வெள்ளைக்காரர்களின் விருந்து மேசை. ஆனாலும் கப்பல் தாமதமாகித் தட்டுப்பாடு வந்த நாட்களில், வழக்கமான பங்குக்கு மேல் வேண்டுமென்றால் மருத்துவரின் சீட்டைக் காட்ட வேண்டியிருந்தது. ஐஸ் குறையும்போது அது யாருக்கு முதலில் சேர வேண்டும் என்பது அப்போதே விளங்கியிருக்கிறது.

1840களின் தொடக்கத்தில் ஐஸ் மதராஸுக்கும் வந்தது. அன்று இங்கே துறைமுகம் கிடையாது. கப்பல் கடலில் நங்கூரம் போட்டு நிற்க, எந்தச் சரக்கும் மசூலாப் படகில் ஏறி அலையைத் தாண்டித்தான் கரைக்கு வரும். கடற்கரையை ஒட்டி டூடர் கட்டிய வட்டக் கட்டடம்தான் ஐஸ் ஹவுஸ். பிறகு பிலிகிரி ஐயங்கார் என்ற வழக்கறிஞர் அதை வாங்கினார். 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் அங்கே தங்கினார். இன்று அது விவேகானந்தர் இல்லம். பேருந்தில் ஏறிய சென்னைக்காரர் இன்னமும் ‘ஐஸ் ஹவுஸ்’ என்றே டிக்கெட் கேட்கிறார். மாசசூசெட்ஸில் வால்டன் குளத்தருகே குடியிருந்த எழுத்தாளர் தோரோ, 1846-47 குளிர்காலத்தில் அந்தக் குளத்தை டூடரின் ஆட்கள் வெட்டியதைப் பார்த்து, தன் கிணற்று நீரை மதராஸும் பம்பாயும் கல்கத்தாவும் குடிப்பதாக எழுதினார்.

அந்தக் காலத்தில் வெயிலில் சுருண்டு விழுந்தவனுக்கு என்ன வைத்தியம் நடந்தது? கம்பளிச் சீருடையை இறுக்கப் போட்டுக்கொண்டு கோடையில் நடைபோட்ட பிரிட்டிஷ் சிப்பாய்கள் வழியெங்கும் விழுந்தார்கள். ராணுவ மருத்துவர்கள் பலர் ரத்தக் குழாயைக் கீறி ரத்தத்தை வடித்தார்கள். ஏற்கெனவே நீர் வற்றி ரத்த அழுத்தம் சரிந்த உடம்பில் அது உயிரைப் பறிக்கிற வேலை. அதே முகாமில் தோல்பையில் தண்ணீர் சுமந்த பிஷ்டிகள் இருந்தார்கள். சட்டையைக் கழற்றி, தலையிலும் மார்பிலும் அந்தத் தண்ணீரைக் கொட்டச் சொன்ன மருத்துவர்களும் இருந்தார்கள். அவர்கள் பக்கம் இருந்ததே சரி என்று ஏற்றுக்கொள்ள மருத்துவ உலகுக்குப் பல பத்தாண்டுகள் ஆயின.

ஐஸின் வரலாற்றில் என் மனத்தைத் தொடுகிறவர் டூடரைவிட ஜான் கோரி. ஃபுளோரிடாவின் அப்பலாச்சிகோலா என்ற சிறு துறைமுக ஊரில் மருத்துவராக இருந்தார். காய்ச்சலில் கொதித்துக் கிடந்தவர்களின் அறையில், கூரையருகே ஐஸ் நிரம்பிய பாத்திரத்தைத் தொங்கவிட்டார். குளிர்ந்த காற்று கனத்து இறங்கி நோயாளியின் மேல் படர்ந்தது. மலேரியா கெட்ட காற்றால் வருகிறது என்று அன்று எல்லோரும் நம்பியதுபோல அவரும் நம்பினார். அந்தக் காரணம் தவறு. ஆனால் சூட்டில் தவிக்கும் உடம்புக்குக் குளிர்ச்சி தேவை என்று கண்டது சரி. வடக்கிலிருந்து வரும் ஐஸ் கப்பலோ காற்றை நம்பியது. நோயாளி காத்திருக்க மாட்டான். அதனால் மருத்துவத் தொழிலையே ஒதுக்கிவைத்துவிட்டு, காற்றை அழுத்தி, குளிரவைத்து, விரியவிட்டு ஐஸ் செய்யும் இயந்திரத்தை உருவாக்கினார். 1851இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. தொழிலாக்கப் பணம் கிடைக்கவில்லை. 1855இல் கையில் ஒன்றுமில்லாமல் இறந்தார். இன்று வாஷிங்டன் நாடாளுமன்றக் கட்டடத்தில் ஃபுளோரிடாவின் சார்பில் அவருடைய சிலை நிற்கிறது. ஐஸ் இயந்திரத்தின் முன்னோடிகளில் ஒருவர் அதைத் தேடிப் போனது காய்ச்சல்காரர்களுக்காக என்பதை அடிக்கடி சொல்லிக்கொள்ள வேண்டும்.

கோரி விட்ட இடத்தில் மற்றவர்கள் தொடர்ந்தார்கள். 1874இல் மதராஸில் நீராவியால் ஐஸ் செய்யும் கம்பெனி தொடங்கியது. சில ஆண்டுகளில் பாஸ்டன் ஐஸுக்கு இங்கே வேலை இல்லாமல் போயிற்று. ஐஸ் கடல் கடந்து வர வேண்டிய பொருளாக இருந்தது முடிந்து, ஊரிலேயே உண்டாகிற பொருளானது.

ஊரில் ஐஸ் இருந்தும் ஏழைகளுக்கு எட்டவில்லை என்பதை 1896 ஆகஸ்டில் நியூயார்க் கண்டது. பத்து நாள் வெப்ப அலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் காற்றுப் புகாத நெரிசல் குடியிருப்புகளில் வாழ்ந்த கூலித் தொழிலாளர்கள். ஐஸ் விலை அவர்களுக்குக் கட்டுப்படியாகாது. அப்போது நகரக் காவல் வாரியத்தின் தலைவராக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட், காவல் நிலையங்கள் வழியாக ஏழைகளுக்கு இலவசமாக ஐஸ் கொடுக்கச் செய்தார். பிற்காலத்தில் ஜனாதிபதியானவர் செய்த எத்தனையோ காரியங்களில், இந்த ஒன்றை நான் உயரத்தில் வைப்பேன்.

வெயிலில் விழுந்தவரின் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால்தான் ஐஸின் அவசரம் புரியும். சாதாரணக் காய்ச்சலில் மூளையே உடம்பின் வெப்ப அளவை உயர்த்தி வைக்கிறது. பாரசிட்டமால் அந்த அளவைக் கீழே இறக்குகிறது. ஹீட் ஸ்ட்ரோக்கில் மூளை சூட்டைக் கேட்கவில்லை. வெளியேற முடியாமல் வெப்பம் உள்ளே தேங்கிவிடுகிறது. அதனால் மாத்திரை பயன் தராது. அடிபட்ட கல்லீரலுக்கு அது கூடுதல் பாரமும் ஆகலாம். உள்வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டி, ஆள் உளறத் தொடங்கினாலோ, தள்ளாடினாலோ, வலிப்பு வந்தாலோ, நினைவு தப்பினாலோ அது ஹீட் ஸ்ட்ரோக். தோலுக்கு ரத்தம் ஓடிவிடுவதால் குடலுக்குப் போகும் ரத்தம் குறைகிறது. குடல் சுவர் கசிந்து கிருமிகளின் நஞ்சு ரத்தத்தில் கலக்கிறது. தசை சிதைந்து அதன் கழிவு சிறுநீரகத்தை அடைக்கிறது. ரத்தம் உறையும் ஒழுங்கு கெடுகிறது. எவ்வளவு சூடு ஏறியது என்பதைவிட எத்தனை நிமிடம் அந்தச் சூட்டில் இருந்தது என்பதே உயிரைத் தீர்மானிக்கிறது. அரை மணி நேரத்துக்குள் சூட்டை இறக்க வேண்டும்.

இத்தனைக்கும் நடுவில் மருத்துவர்களே ஐஸைச் சந்தேகித்த காலம் ஒன்று உண்டு. ஐஸ் பட்டால் தோலின் ரத்தக் குழாய்கள் சுருங்கும், உள்சூடு வெளியே வர வழியில்லாமல் போகும், நடுக்கம் எடுத்து இன்னும் சூடு பிறக்கும் என்ற வாதம் பாடப் புத்தகங்களில் வேரூன்றியது. ஜோசப் வைனரும் கோகலியும் 1980இல் ‘லான்செட்’ இதழில் வேறு வழியை விவரித்தார்கள். ஹஜ் யாத்திரிகர்களுக்காக மெக்காவில் பயன்பட்ட முறை அது. வலைப் படுக்கையில் நோயாளியைக் கிடத்தி, 15 டிகிரித் தண்ணீரை மெல்லிய தூறலாகத் தெளித்து, வெதுவெதுப்பான காற்றை வீசுவார்கள். தோல் சில்லிடாது, தண்ணீர் ஆவியாகிக்கொண்டே சூட்டை எடுத்துப்போகும். ஒரு கிராம் ஐஸ் உருகும்போது 80 கலோரி வெப்பத்தை உறிஞ்சும். ஒரு கிராம் தண்ணீர் தோலிலிருந்து ஆவியானால் போவது ஏறக்குறைய 580 கலோரி. மெக்காவின் வறண்ட காற்றில் இது நல்ல வழி. சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போல ஈரம் கனத்த கடலோரத்தில், நனைத்த துணியும் மின்விசிறியும் மட்டும் போதும் என்று நம்பிவிடக் கூடாது. வியர்வையே காயாத காற்றில் தெளித்த தண்ணீர் எப்படிக் காயும்?

சந்தேகத்துக்குப் பதில் சோதனையில் கிடைத்தது. 2003இல் கனடாவின் ஒட்டாவா ஆய்வாளர்கள், உடற்பயிற்சியால் உள்வெப்பம் 40 டிகிரிக்கு ஏறிய ஆரோக்கியமான தன்னார்வலர்களைப் பல அளவு குளிர்ந்த நீரில் அமிழ்த்தினார்கள். 2 டிகிரி நீரில் நிமிடத்துக்கு 0.35 டிகிரி இறங்கியது. 8, 14, 20 டிகிரி நீரில் 0.15 முதல் 0.19 வரை. சுருங்கும் குழாய்களும் நடுக்கமும் உண்மைதான். ஆனால் அவ்வளவு சூடான உடம்பை நீரில் முக்கும்போது, இழக்கும் வெப்பத்தின் முன் அவை சிறியவை. ஐஸ் போதவில்லை என்றால் கிடைக்கிற குளிர்ந்த நீரில் உடனே அமிழ்த்துவதும் உயிர் காக்கும் என்பதையும் இந்த எண்களே சொல்கின்றன.

சோதனைக்கூடத்துக்கு வெளியே இதை நிறுவிய இடம், டூடரின் ஐஸ் புறப்பட்ட அதே மாசசூசெட்ஸில் இருக்கிறது. ஃபால்மவுத் என்ற கடலோர ஊரில் ஒவ்வோர் ஆகஸ்டிலும் 11 கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட ஓட்டப் பந்தயம் நடக்கிறது. 1978இல் அதில் ஓடிய ஆல்பர்ட்டோ சலசார் எல்லைக்கோட்டருகே சரிந்தார். உடல் வெப்பம் 42 டிகிரி. ஐஸ் தொட்டியில் போட்டுவிட்டு, பிழைக்கமாட்டார் என்று கருதி இறுதிச் சடங்கின் ஜெபத்தையும் ஓதினார்கள். பிழைத்தார், பிறகு நியூயார்க் மராத்தானை மூன்று முறை வென்றார். பந்தயம் முடியும் இடத்திலேயே ஐஸ் தொட்டிகளைத் தயாராக வைப்பது அங்கே வழக்கமானது. 18 ஆண்டுகளில் அங்கே ஹீட் ஸ்ட்ரோக்கில் விழுந்த 274 பேரின் பதிவுகளை 2015இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அவர்களுடைய சராசரி உள்வெப்பம் 41.4 டிகிரி. 274 பேரும் பிழைத்தார்கள்.

அந்த எண்ணை முதன்முதலாகப் படித்தபோது எனக்கு மகிழ்ச்சியைவிடக் கோபம்தான் வந்தது. இத்தனை சாவுகள் தடுக்கக்கூடியவை என்று அதற்கு அர்த்தம். 2001இல் மின்னசோட்டா வைக்கிங்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் வீரர் கோரி ஸ்ட்ரிங்கர், பயிற்சியின்போது விழுந்து மறுநாள் மருத்துவமனையில் இறந்தார். உடல் வெப்பம் 42.7 டிகிரி. அவர் பெயரில் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் இயங்கும் நிறுவனத்தை நடத்தும் டக்ளஸ் காசா, 16 வயதில் ஓட்டப் பந்தயத்தில் ஹீட் ஸ்ட்ரோக் வந்து தப்பியவர். அவருடைய நிறுவனம் ஓயாமல் சொல்வது: முதலில் குளிரவை, பிறகு ஆம்புலன்சில் ஏற்று. நம் கை எப்போதும் செய்வது இதற்கு நேர்மாறு. விழுந்தவரை ஆட்டோவில் திணித்து, சூடான காற்றில், நெரிசலில் மருத்துவமனைக்கு ஓடுகிறோம். அந்த அரை மணி நேரம் சாலையில் கழிந்துவிடுகிறது.

ஓடித் திரியும் இளைஞர்களுக்குக் கிடைத்த இந்தச் சான்று, விசிறிகூட இல்லாத வீட்டில் சுருண்டு கிடக்கும் முதியவருக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. இதயம் பலவீனமானவரை ஐஸ் நீரில் அமிழ்த்தும்போது மருத்துவர் பக்கத்தில் இருந்து கவனிக்க வேண்டும். ஆனால் அவர்களுக்கும் குளிர்ச்சி உடனே வேண்டும் என்பதில் மாற்றமில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 60 கிலோ எடையுள்ளவரின் உடம்பை 42 டிகிரியிலிருந்து 39க்குக் கொண்டுவர ஏறக்குறைய 150 கிலோகலோரி வெப்பத்தை எடுக்க வேண்டும். உடம்பு அதற்குள் புதிதாக உண்டாக்கும் சூட்டை விட்டுவிட்டால், இரண்டு கிலோவுக்கும் குறைவான ஐஸ் உருகினால் அது போய்விடும். ஐஸை அதிகம் விழுங்குவது தொட்டித் தண்ணீர்தான். கோடையில் நம் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் 30 டிகிரிக்குக் குறையாது. அதில் 200 லிட்டரை 10 டிகிரிக்கு இறக்க 45 கிலோ ஐஸ் வேண்டும். 2024 மே மாதம் டெல்லி ராம் மனோகர் லோகியா மருத்துவமனை ஹீட் ஸ்ட்ரோக்குக்கென்று தனிப் பிரிவு திறந்தபோது, அமிழ்த்தும் தொட்டிகளோடு ஐஸ் இயந்திரத்தையும் வைத்தது இதனால்தான்.

மருத்துவமனைக்கு வந்த ஐஸ் ஆம்புலன்சிலும் ஏறியிருக்கிறது. அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரம் உள்ள மாரிகோப்பா மாவட்டத்தில் 2023இல் மட்டும் 645 பேர் வெப்பம் தொடர்பாக இறந்தார்கள். மறு ஆண்டு அந்த நகரத் தீயணைப்புத் துறை, நீர் ஒழுகாத நீளப் பைகளை வண்டிகளில் வைத்தது. நோயாளியைப் பையில் படுக்கவைத்து, ஐஸும் தண்ணீரும் நிரப்பி, ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டு, போகும் வழியிலேயே குளிரவைக்கிறார்கள்.

அதுவும் இல்லாத இடத்தில் தார்ப்பாய் போதும். நாலைந்து பேர் விளிம்பைத் தூக்கிப் பிடிக்க, நடுவில் நோயாளி, அவர் மேல் 150 லிட்டர் அளவுக்கு ஐஸ் கலந்த தண்ணீர், முன்னும் பின்னுமாக மெல்ல அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். சோதனைகளில் நிமிடத்துக்கு 0.15 டிகிரியை ஒட்டி இறங்கியிருக்கிறது. கட்டட வேலை நடக்கும் இடத்திலும் நெல் காயும் களத்திலும் உப்பளத்திலும் தார்ப்பாய் இல்லாமல் இருப்பதில்லை. ஐஸும் நமக்கு அரிய பொருளல்ல. காசிமேட்டு விசைப்படகுகள் ஐஸ் பார்களை உடைத்து டன் கணக்கில் ஏற்றிக்கொண்டுதான் கடலுக்குப் போகின்றன. வலையில் விழப்போகும் மீனுக்கு முன்கூட்டியே ஐஸ் காத்திருக்கிறது. சாலையில் தார் ஊற்றுகிறவருக்கும் சூளையில் செங்கல் அடுக்குகிறவருக்கும் அது காத்திருக்க வேண்டும்.

2024 அக்டோபர் 6 அன்று மெரினாவில் விமானப்படை சாகசம் பார்க்கப் பல லட்சம் பேர் கூடினார்கள். வெயிலிலும் நெரிசலிலும் பலர் மயங்கி விழுந்தார்கள். ஐந்து பேர் இறந்தார்கள். அந்த மணலுக்கு எதிரேதான் ஐஸ் ஹவுஸ் இருக்கிறது. அதே மாதம் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதில் இறப்பவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றது. தேவையான அறிவிப்பு. இறந்த பிறகு வரும் அந்தப் பணத்தோடு, பெருங்கூட்டம் கூடும் ஒவ்வொரு திடலிலும் ஐஸும் தார்ப்பாயும் ஆசனவாய் வழியாக வெப்பம் பார்க்கும் தெர்மாமீட்டரும், அதைப் பயன்படுத்தத் தெரிந்தவர்களும் இருக்க வேண்டும் என்று ஓர் ஆணையும் வர வேண்டும்.

தெர்மாமீட்டர் விஷயத்தில் கூச்சம் கூடாது. நெற்றியிலும் அக்குளிலும் பார்த்தால் வெயிலில் விழுந்தவரின் உள்சூடு சரியாகத் தெரியாது. வெளித்தோல் குளிர்ந்திருக்க உள்ளே 41 இருக்கலாம். கருவி இல்லையென்றால் அளவுக்காகக் காத்திருக்காமல், ஆள் உளறுவதையே அடையாளமாக வைத்துக்கொண்டு தொடங்க வேண்டும். நிழலுக்கு இழுத்து, உடையைத் தளர்த்தி, 108ஐ அழைத்துவிட்டு, கழுத்துவரை தண்ணீரில் வைக்க வேண்டும். தலையும் மூக்கும் நீருக்கு மேலே இருக்க ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். நினைவு தெளியாதவர் வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றவே கூடாது, மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். அளக்க முடிந்தால் 39 டிகிரியை ஒட்டி வந்ததும் தூக்கிவிட வேண்டும். அதற்கு மேலும் விட்டுவைத்தால் உடம்பு அளவு மீறிக் குளிர்ந்துபோகும்.

பிறகு மருத்துவமனை. விழித்து, பேசி, நடந்தாலும் வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது. கல்லீரலின் சேதம் பெரும்பாலும் இரண்டு மூன்று நாள் கழித்தே ரத்தப் பரிசோதனையில் உச்சத்தைக் காட்டும். அதுவரை சிறுநீர் எவ்வளவு போகிறது, என்ன நிறத்தில் போகிறது, ரத்தம் சரியாக உறைகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.